விலையை நீங்களே சொல்லுங்கள்!
விமான டிக்கெட்டும் ஓட்டல் அறையும் ஏலத்துக்கு வந்த கதை

வியாபாரத்தில் மீந்துபோகும் சரக்கு எல்லாம் ஒரே தன்மை உடையது அல்ல. அரிசி மூட்டை இந்த வாரம் விற்காவிட்டால் அடுத்த வாரம் விற்கும். பழைய அரிசிக்குச் சில சமயம் விலை கூடவும் செய்யும். ஜவுளி ஒரு பருவம் தாங்கும். தக்காளி இரண்டு நாள் தாங்கும். பூவோ பொழுது சாயும்வரைதான். இவை எல்லாவற்றையும்விட விரைவில் அழியும் சரக்கு ஒன்று உண்டு. விமானத்தில் ஆள் இல்லாமல் காலியாகக் கிடக்கும் இருக்கைதான் அது. விமானம் தரையை விட்டு எழும்பிய அந்த நொடியில் அதன் மதிப்பு பூஜ்யம். பூட்டிக் கிடக்கும் ஓட்டல் அறையும் அப்படித்தான். இரவு கழிந்துவிட்டால் அந்த இரவின் வாடகையை யாராலும் வசூலிக்க முடியாது.

இப்படிப்பட்ட சரக்கை எவ்வாறு கடைசி நேரத்தில் காசாக்குவது என்ற கேள்விக்கு, 1998-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் தோன்றிய ஒரு கம்பெனி புதுமையான பதில் ஒன்றைச் சொன்னது. "விலையை நாங்கள் சொல்லப்போவதில்லை, நீங்களே சொல்லுங்கள். கட்டுப்படியானால் தருகிறோம்" என்பதே அந்தப் பதில். இன்டர்நெட் மூலம் நடந்த இந்த வியாபாரம் உலகமெங்கும் பேசப்பட்டது.

நம் உறுப்பினர்களில் விமானம் ஓட்டுகிறவர்கள் இல்லை. ஓட்டல் நடத்துபவர்களும் சிலரே. அப்படியிருக்க இந்தக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. அதே பெயரில், அதே முறையில், மளிகைச் சாமானையும் விற்றுப் பார்த்தார்கள். ஓராண்டு முடிவதற்குள் கடையை மூடினார்கள். விமான இருக்கையில் ஜெயித்த யுக்தி மளிகையில் ஏன் தோற்றது என்பது, தள்ளுபடி போட்டு விற்கும் ஒவ்வொரு வியாபாரியும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

ஒரே விமானம், பல விலை

முதலில் பின்னணியைப் பார்ப்போம். 1978 வரை அமெரிக்காவின் உள்நாட்டு விமானக் கட்டணங்கள் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. அந்த ஆண்டு வந்த சட்டம் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. புதுக் கம்பெனிகள் முளைத்தன. 1981-ல் பறக்கத் தொடங்கிய பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற கம்பெனி மிக மலிவான கட்டணத்தில் கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்தது.

பழைய பெரிய கம்பெனியான அமெரிக்கன் ஏர்லைன்ஸ், கட்டணம் முழுவதையும் குறைத்துப் போட்டி போடவில்லை. அப்படிச் செய்திருந்தால் கைப்பொருளே கரைந்திருக்கும். அது கம்ப்யூட்டரின் துணையோடு வேறொரு கணக்குப் போட்டது. எந்த விமானத்தில் எத்தனை இருக்கை மீந்துபோகும் என்று முன்கூட்டியே கணித்து, அந்த அளவுக்கு மட்டும் மலிவு விலை வைத்தது. மலிவு டிக்கெட் வேண்டுமானால் பல நாட்களுக்கு முன்பே வாங்க வேண்டும். சனிக்கிழமை இரவு வெளியூரில் தங்கியாக வேண்டும் என்று நிபந்தனைகளும் விதித்தது. விடுமுறைக்குச் செல்லும் குடும்பத்துக்கு இது தொல்லை இல்லை. திடீரென்று கிளம்பும் வியாபாரப் பயணிக்கு ஒத்துவராது. அவர் முழு விலைதான் கொடுப்பார். 1985-ல் இத்திட்டம் பெரிய அளவில் வந்தது. பீப்பிள் எக்ஸ்பிரஸ் 1986-ல் விலைபோய், 1987-ல் வேறு கம்பெனியோடு கலந்து மறைந்தது.

இதிலிருந்து விமானக் கம்பெனிகள் கற்ற பாடம் ஒன்று. விலையைக் குறைப்பது பெரிய காரியம் அன்று. குறைத்த விலை முழு விலை கொடுப்பவர் கைக்குப் போகாமல் வேலி போடுவதுதான் காரியம். அப்படி வேலி போட்டும் 1990-களின் இறுதியில் அமெரிக்க விமானங்களில் நூற்றுக்கு முப்பது இருக்கை அளவுக்குக் காலியாகவே பறந்தது. அந்த முப்பதின் மீதுதான் ஜே வாக்கர் என்ற தொழிலதிபரின் கண் விழுந்தது. அவர் தொடங்கிய பிரைஸ்லைன் 1998 ஏப்ரலில் கடை திறந்தது.

ஏலம் நடந்த விதம்

ஏலம் என்றதும் பலர் கூடிக் குரல் கொடுத்து விலையை ஏற்றும் காட்சி நம் நினைவுக்கு வரும். இது அப்படி அன்று. இங்கே வாங்குபவருக்குப் போட்டியாக வேறு ஆள் கிடையாது. அவர் ஒரு விலையைச் சொல்கிறார். விற்பவர் ஏற்கிறார், அல்லது மறுக்கிறார்.

விமானத்துக்கு நடைமுறை இதுதான். புறப்படும் ஊர், சேரும் ஊர், தேதி, தாம் கொடுக்கத் தயாரான விலை ஆகியவற்றோடு கிரெடிட் கார்டு எண்ணையும் முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். எந்தக் கம்பெனி விமானம், எத்தனை மணிக்குக் கிளம்பும், நடுவில் எங்கே இறங்கி மாற வேண்டும் என்பதெல்லாம் பணம் எடுக்கப்பட்ட பிறகுதான் தெரியும். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை எப்போது புறப்படச் சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டும். விலை ஏற்கப்பட்டுவிட்டால் ரத்து செய்ய முடியாது, மாற்ற முடியாது, பணம் திரும்பாது.

1998-ன் இறுதியில் ஓட்டல் அறைகளும் சேர்ந்தன. நகரின் எந்தப் பகுதி, எத்தனை நட்சத்திரத் தரம், எத்தனை டாலர் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். ஓட்டலின் பெயர் பணம் கட்டிய பிறகே தெரியும்.

திரைக்குப் பின்னால் நடந்தது என்ன? விமானக் கம்பெனிகளும் ஓட்டல்களும் தாங்கள் கொடுக்கத் தயாரான அடிமட்ட விலையைக் கம்ப்யூட்டரில் இரகசியமாக ஏற்றி வைத்திருந்தன. வாடிக்கையாளர் சொன்ன விலை அதைவிடக் கூடுதலாக இருந்தால் வியாபாரம் முடிந்தது. இரண்டுக்கும் இடையிலான தொகை இடைத்தரகருக்கு. அறையின் இரகசிய விலை 60 டாலர் என்று வைத்துக்கொள்வோம். விவரம் தெரியாமல் ஒருவர் 85 டாலர் கேட்டுவிட்டால், மிச்சம் 25 டாலர் அவருக்குத் திரும்பி வராது. "விலையை நீங்களே சொல்லுங்கள்" என்ற பெருந்தன்மையான வாசகத்துக்குள் இந்த இலாபமும் ஒளிந்திருந்தது.

இந்த முறைக்கு 1998 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் காப்புரிமையும் கிடைத்தது. 1999 மார்ச்சில் பங்கு வெளியீடு நடந்தது. 16 டாலருக்கு விற்ற பங்கு முதல் நாள் மாலையே 69 டாலரில் முடிந்தது. ஸ்டார் டிரெக் தொலைக்காட்சித் தொடரில் கப்பல் தலைவராக நடித்த வில்லியம் ஷாட்னர் விளம்பரங்களில் தோன்றினார்.

பெயரை ஏன் மறைத்தார்கள்?

நம் மாட்டுச் சந்தைகளில் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கத்தை அறியாதவர் இல்லை. பக்கத்தில் நிற்பவருக்கு விலை தெரியக்கூடாது. தெரிந்தால் அடுத்த ஜோடிக்கும் அதே விலையைக் கேட்பார். அந்தத் துண்டு செய்த வேலையைத்தான் இங்கே கம்ப்யூட்டர் செய்தது. ஒரே வித்தியாசம், சந்தையில் மறைவது விலை. இங்கே விலையோடு சேர்ந்து விற்பவரின் பெயரும் மறைந்தது.

ஏன் என்பதைக் கணக்காகவே பார்ப்போம். 100 அறை உள்ள ஓட்டல். அறைக்கு 100 டாலர் வீதம் 70 அறை போய்விட்டது. 30 அறை காலி. ஓர் அறையைச் சுத்தம் செய்ய, துணி வெளுக்க, மின்சாரத்துக்கு என்று 20 டாலர் செலவு. காலி அறைகளில் பத்தை 45 டாலருக்குத் தள்ளிவிட்டால் அறைக்கு 25 வீதம் 250 டாலர் கையில் நிற்கும். நல்ல காரியந்தான்.

ஆனால் அதே 45 டாலரை வாசலில் பலகை எழுதி வைத்தால் என்ன ஆகும்? 100 டாலர் கொடுக்க இருந்த 70 பேரும் "எங்களுக்கும் 45-தான்" என்பார்கள். தலைக்கு 55 வீதம் 3,850 டாலர் போய்விடும். 250 சம்பாதிக்கப் போய் 3,850-ஐ இழப்பது வியாபாரம் ஆகாது.

ஆகவேதான் பெயர் மறைப்பு. குறிப்பிட்ட நேரத்தில் போய்ச் சேர வேண்டிய வியாபாரப் பயணி, எந்த விமானம் என்று தெரியாமல் பணம் கட்டமாட்டார். வழக்கமாகத் தங்கும் ஓட்டலை விரும்புகிறவரும் குருட்டாம்போக்கில் அறை எடுக்கமாட்டார். தொல்லைகளைப் பொறுத்துக்கொண்டு காசை மிச்சப்படுத்த நினைப்பவர் மட்டுமே வருவார். அவர் வராவிட்டால் அந்த அறை எப்படியும் காலிதான். பழைய வாடிக்கைக்குப் பழுதில்லாமல் மீந்த சரக்கு கழிகிறது. இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி இதுவே.

கேட்டவர்கள் கற்ற நெளிவு சுளிவு

வாங்குபவர்களும் சும்மா இருக்கவில்லை. கூர்மையானவர்கள் சில காலத்திலேயே சூட்சுமத்தைக் கண்டுகொண்டார்கள்.

முதலாவது, வெளிச்சந்தை விலையை நன்றாக விசாரித்து அறிந்த பிறகே வாய் திறந்தார்கள். எங்கும் 90 டாலருக்குக் கிடைக்கும் அறைக்கு 85 கேட்டு, பணம் திரும்பாத நிபந்தனையையும் ஏற்பவர் ஏமாளி என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது, சொன்ன விலைக்கு மேல் வரியும் சேவைக் கட்டணமும் சேரும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாவதுதான் சுவையானது. ஒருமுறை மறுக்கப்பட்டால், எதையேனும் மாற்றாமல் உடனே மறுபடி கேட்க முடியாது என்பது விதி. தேதி, தரம், பகுதி ஆகியவற்றில் ஒன்று மாற வேண்டும். ஒரு நகரத்தில் ஐந்து பகுதிகள். அவற்றில் மூன்றில் நான்கு நட்சத்திர ஓட்டலே இல்லை என்று வைத்துக்கொள்வோம். தாம் விரும்பும் பகுதியில் நான்கு நட்சத்திர அறையைக் குறைந்த விலைக்குக் கேட்பார்கள். மறுத்தால், நான்கு நட்சத்திரமே இல்லாத ஒரு பகுதியைச் சேர்த்துக்கொண்டு சில டாலர் கூட்டிக் கேட்பார்கள். விதிப்படி மாற்றம் செய்தாயிற்று. ஆனால் அங்கே கொடுப்பதற்கு அந்தத் தரத்தில் அறை இல்லாததால் வேண்டாத இடத்தில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து இல்லை. இப்படி மூன்று முறை இலவசமாகப் பேரம் பேசலாம்.

பேரம் பேசத் தெரிந்த மக்கள், எந்த ஓட்டல் எந்த விலைக்கு மசிந்தது என்பதைத் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளவும் தொடங்கினார்கள். கத்திரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும்? துண்டுக்குள் பேசிய விலை மெல்ல மெல்ல வெளியே கசிந்தது.

அதே வேளையில் விதிகளைச் சரியாகப் படிக்காமல் பணம் கட்டி, விடியற்காலை விமானத்தில் ஏறி, நடுவழியில் மணிக்கணக்கில் காத்திருந்தவர்களின் மனக்குறையும் பெருகியது. புகார்கள் குவிந்ததால், 2000 செப்டம்பரில் கனெக்டிகட்டில் உள்ள வணிக நன்னடத்தை அமைப்பு இந்தக் கம்பெனியின் உறுப்பினர் தகுதியையே விலக்கிக்கொண்டது. பின்னர் குறைகள் சரிசெய்யப்பட்டுத் தகுதி திரும்பக் கிடைத்தது. மலிவு விலைக்கு விற்றாலும், நிபந்தனையை வாடிக்கையாளருக்குப் புரியும்படி சொல்லாவிட்டால் கடையின் பெயர் கெடும்.

மளிகையில் தோற்றது ஏன்?

இனி நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதிக்கு வருவோம். விமானத்தில் கிடைத்த புகழை வைத்து, 1999-ன் இறுதியில் நியூயார்க் வட்டாரத்தில் வெப்ஹவுஸ் கிளப் என்ற தனி நிறுவனம் தொடங்கப்பட்டது. இதற்கும் ஜே வாக்கரே மூலவர். பிரைஸ்லைன் என்ற பெயரையும் முறையையும் உரிமம் பெற்றுப் பயன்படுத்தியது. வாடிக்கையாளர் வீட்டிலிருந்தபடியே இன்டர்நெட்டில் காப்பிப்பொடிக்கும் சோப்புத்தூளுக்கும் தமக்குப் பிடித்த விலையைக் கேட்பார். ஒன்றுக்கு மேற்பட்ட பிராண்டுகளை ஏற்றுக்கொள்ள அவர் தயாராக இருக்க வேண்டும். விலை ஏற்கப்பட்டால் பணத்தைக் கட்டிவிட்டு, அக்கம்பக்கத்துக் கடைக்குப் போய்ச் சரக்கை எடுத்துக்கொள்வார். 2000-ல் பெட்ரோலும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது.

கூட்டம் வந்தது. ஆனால் கணக்கு உதைத்தது. கடைக்காரருக்கு முழுச் சில்லறை விலையும் போய்ச் சேர வேண்டும். வாடிக்கையாளரோ பாதி விலைதான் கொடுத்திருக்கிறார். இடையில் விழுந்த பள்ளத்தை யார் நிரப்புவது? சரக்குத் தயாரிப்பாளர்கள் தருவார்கள் என்பது எதிர்பார்ப்பு. பெரிய தயாரிப்பாளர்கள் பலரும் முன்வரவில்லை. அவர்கள் ஏன் வருவார்கள்? காப்பிப்பொடி டின் இன்று விற்காவிட்டால் நாளை முழு விலைக்கு விற்கும். கெட்டுப்போகாத சரக்கைக் கெட்டுப்போகும் சரக்கின் விலைக்கு ஏன் தள்ள வேண்டும்? மேலும், இன்று பாதி விலைக்கு வாங்கியவர் நாளை முழு விலை கொடுக்க மனம் ஒப்பமாட்டார் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

கடைசியில் பள்ளத்தைக் கம்பெனியே தன் முதலீட்டிலிருந்து நிரப்பிக்கொண்டிருந்தது. முதலைப் போட்டு முதலைத் தின்னும் வியாபாரம் எத்தனை நாள் ஓடும்? 2000 அக்டோபரில் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். அந்த ஆண்டின் இறுதியில் பிரைஸ்லைனின் பங்கும் 2 டாலருக்குக் கீழே இறங்கியது.

முறை போயிற்று, கம்பெனி பிழைத்தது

விமான இருக்கையிலும் இந்த ஏலம் நிலைக்கவில்லை. 2000-ல் அமெரிக்காவின் முன்னணி விமானக் கம்பெனிகள் சில முதலீட்டாளருடன் சேர்ந்து ஹாட்வயர் என்ற போட்டிக் கடையைத் திறந்தன. அங்கே பேரம் கிடையாது. விலையை அவர்களே காட்டினார்கள், பெயரை மட்டும் மறைத்தார்கள். கேட்டுக் கேட்டுக் களைப்பதைவிட இது எளிது என்று பலருக்கும் தோன்றியது. விமானக் கம்பெனிகள் தங்கள் சொந்தத் தளங்களிலேயே கடைசி நேர மலிவு டிக்கெட்டுகளை விற்றன. விமானங்களின் எண்ணிக்கையையும் அளந்து வைத்துக்கொண்டன. 2010-களில் நூற்றுக்கு 80-க்கும் மேற்பட்ட இருக்கைகள் நிரம்பின. மீந்த சரக்கே குறைந்தபோது அதை விற்கும் கடைக்கு என்ன வேலை? 2016-ல் விமான டிக்கெட்டுக்கு வாடிக்கையாளரே விலை சொல்லும் முறை நிறுத்தப்பட்டது. பின்னர் ஓட்டல் அறைக்கும் கைவிடப்பட்டது. பெயரை மறைத்துக் குறைந்த விலைக்கு அறை விற்கும் வழக்கம் மட்டும் இன்றும் இருக்கிறது.

ஆனால் கம்பெனி அழியவில்லை. 2004-ல் இங்கிலாந்திலும் 2005-ல் நெதர்லாந்திலும் ஓட்டல் அறை பதிவு செய்யும் இரண்டு கம்பெனிகளை வாங்கியது. அங்கே நடந்தது பழைமையான கமிஷன் வியாபாரம். விலையை ஓட்டல்காரரே வைப்பார். அறை விற்றால் தரகுத் தொகை கொடுப்பார். நம் கமிஷன் மண்டிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் அதே தொழில். அதுதான் இந்தக் கம்பெனியைப் பெரும் நிறுவனமாக வளர்த்தது. 2018-ல் தன் பெயரையே புக்கிங் ஹோல்டிங்ஸ் என்று மாற்றிக்கொண்டது. ஆரவாரமான ஏலம் வாசலில் கூட்டம் சேர்த்தது. அமைதியான கமிஷன் கல்லாவை நிரப்பியது.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை

இன்று நம் ஊர்க் கடைகளின் சரக்கும் செல்போன் வழியாகத் தள்ளுபடிக்குப் போகிறது. "உங்கள் கடையை எங்கள் ஆப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள், இத்தனை சதவீதம் தள்ளுபடி போடுங்கள்" என்று கேட்டு வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம்.

1. நம் சரக்கு அழியும் சரக்கா? மாலைக்குள் வாடும் பூவுக்கும், நாளைக்குள் காலாவதியாகும் ரொட்டிக்கும் எந்த விலையும் இலாபமே. பருப்பு மூட்டைக்கும் எவர்சில்வர் பாத்திரத்துக்கும் அந்த நியாயம் பொருந்தாது.

2. குறைத்த விலை நம் பழைய வாடிக்கையாளர் காதுக்கு எட்டாமல் இருக்குமா? எட்டும் என்றால், அது தள்ளுபடி விலை அன்று. நாளை முதல் அதுவே நம் கடை விலை. அப்படி எண்ணியே கணக்குப் போட வேண்டும்.

3. வித்தியாசத் தொகையை யார் சுமக்கிறார்? நாமா, தயாரிப்பாளரா, நடுவில் நிற்பவரா? நடுவில் நிற்பவர் சுமக்கிறார் என்றால் எத்தனை மாதத்துக்கு? அவர் நிறுத்திய மறுநாள், மலிவுக்குப் பழகிய வாடிக்கையாளர் வந்து நிற்பது நம் வாசலில்தான்.

இவற்றோடு நான்காவதாக ஒன்றையும் கவனிக்க வேண்டும். விலை வைக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே அது. நம் நாட்டில் ஓட்டல் அறைகளைப் பதிவு செய்யும் மேக்மைட்ரிப் குழுமத்துக்கு, 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் 223 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்து ஆணையிட்டது. தங்கள் தளத்தில் வைக்கும் விலையைவிடக் குறைவாக வேறு தளத்திலோ, சொந்த இணையதளத்திலோகூட அறையை விற்கக்கூடாது என்று ஓட்டல்காரர்களைக் கட்டுப்படுத்தியது அந்த ஆணையில் கண்ட குறைகளில் ஒன்று. ஓட்டல்காரர்கள் தனித்தனியாக முணுமுணுத்துக்கொண்டிருந்தால் இது நடந்திருக்காது. அவர்களின் சங்கம் ஆணையத்திடம் முறையிட்டதால் நடந்தது.

ஒப்பந்தத் தாளில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் நிபந்தனைகளை விளக்கொளியில் ஒருமுறை படியுங்கள். புரியாத இடம் இருந்தால் அனுபவம் உள்ள சக வியாபாரியிடம் கேளுங்கள், சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். விலையை வாடிக்கையாளர் சொல்லலாம், பேரமும் பேசலாம். அது சந்தையின் இயல்பு. ஆனால் அந்த விலைக்குத் தலையசைப்பதா வேண்டாமா என்ற முடிவு கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் கையைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே வணிகப் பெருமக்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள்.